ஆற்றில் கரைத்த புளி

ஆற்றைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவைத்த இரண்டு பழமொழிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொள்கின்றன. ‘ஆற்றில் கரைத்த புளி’ என்பது ஒன்று. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது மற்றொன்று. முதலாவது, போட்டது போன இடம் தெரியாமல் போய்விடும் என்கிறது. இரண்டாவது, போன இடம் தெரியாவிட்டாலும் போட்டவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. வீண் செலவைப் பழிக்க ஒன்றையும், சிக்கனத்தைப் போதிக்க மற்றொன்றையும் நாம் எடுத்துச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய தர்மக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பலர் சேர்ந்து செய்த தவறு ஒரு வெள்ளத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால், அது தவறே இல்லை என்று ஆகிவிடுமா?

பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்கு ஒரு குடம் பால் கொண்டுவந்து இரவோடு இரவாகக் குளத்தில் ஊற்ற வேண்டும் என்று ஓர் அரசன் கட்டளையிட்டானாம். ‘ஊரே பால் ஊற்றும்போது என் ஒரு குடம் தண்ணீர் தெரியவா போகிறது?’ என்று ஒவ்வொருவனும் நினைத்தான். விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் தண்ணீர்! சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தூங்கிப்போகிறோம். வளர்ந்த பிறகு இதே கதையைத் திருப்பிப் போட்டு நடத்துகிறோம். நல்ல தண்ணீர் ஓடுகிற ஆற்றில், ‘இத்தனை தண்ணீரில் என் ஒரு குடம் அழுக்குத் தெரியவா போகிறது?’ என்று ஒவ்வொருவரும் ஊற்றுகிறோம்.

கதைக்கும் வாழ்க்கைக்கும் ஒரே ஒரு வேற்றுமை உண்டு. கதையில் தானாகவே பொழுது விடிந்துவிடுகிறது. குளத்தை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். ஆற்றின் கதையில் பொழுது தானாக விடிவதில்லை. யாராவது ஒருவர் ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கி, தண்ணீரை மொண்டு, சோதித்து, ‘இதுதான் இருக்கிறது’ என்று சொன்னால்தான் விடியும். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றையும் கழிமுகத்தையும் தேடிப் போய் இந்தக் காரியத்தைச் செய்கிறவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், இது வெறும் ரசாயன வேலையா, அல்லது மனச்சாட்சியின் வேலையா என்ற ஐயம் எழுகிறது.

வெள்ளத்தை நாம் ஒரு நாளும் அழுக்கு என்று நினைத்ததில்லை. காவிரியில் புது வெள்ளம் வந்தால் ஆடிப் பதினெட்டு கொண்டாடுகிறவர்கள் நாம். செம்மண் கரைந்து வரும் அந்தக் கலங்கல்தான் வயலுக்கு உயிர் என்று தெரிந்தவர்கள். ‘ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை’ என்று சொல்லி வளர்ந்தவர்கள். கலங்கல் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தால், குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். சற்று நேரத்தில் மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அழகான வழக்கம்தான். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைத் தேற்றாங்கொட்டை எடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை என்ன செய்வது?

இன்றைய வெள்ளம் செம்மண்ணை மட்டும் கொண்டுவருவதில்லை. நகரத்துச் செப்டிக் டாங்குகளில் தேங்கியிருப்பது, பட்டறைத் தரையில் சிந்திய எண்ணெய், வயலில் தெளித்த மருந்து, தொழிற்சாலை முற்றத்தில் அடுக்கியிருப்பது, குப்பை மேட்டின் சாறு எல்லாவற்றையும் ஒரே இரவில் வாரிக்கொண்டு போகிறது. அடுத்த நாளோ ஆறு அகலமாக, நிறைவாக, பார்க்கப் பெருமையாகவே இருக்கிறது. வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குக் கூவம்கூட ஓர் ஆறு போலத் தோற்றமளிக்கும். கண் இப்படி ஏமாறுகிற இடத்தில்தான் சோதனை தொடங்குகிறது.

பிராணவாயுச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் சுவாசிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்து நிற்கும். குளிப்பதற்கு ஏற்ற ஆறு என்றால் குறைந்தது 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்லுகிறது. இதை அளக்க 1888-இல் விங்க்லர் என்ற ஹங்கேரிய ரசாயன அறிஞர் கண்ட முறை ஒன்று உண்டு. புட்டியில் மொண்ட நீரில் ஆற்றங்கரையிலேயே இரண்டு மருந்துகளைச் சேர்க்க வேண்டும். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு வண்டல் திரளும். பிராணவாயு அறவே இல்லையென்றால் வண்டல் தூய வெள்ளையாக இருக்கும். வெள்ளை என்றால் அந்த நீரில் மீன் உயிர் வாழாது; பழுப்பு என்றால் இன்னும் உயிருக்கு இடம் இருக்கிறது. வெண்மையைத் தூய்மையென்று எண்ணிப் பழகிய நமக்கு இந்தப் புட்டி ஒரு நல்ல பாடம்.

மற்றொரு சோதனை மனிதக் கழிவைத் தேடுவது. அதற்குக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக்களை எண்ணுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை நம் குடலில் சாதுவாக வாழ்கிறவை; நோய் தருகிறவை அல்ல. பின் ஏன் எண்ண வேண்டும்? அவை இருக்கும் இடத்துக்கு மலக்கழிவு வந்திருக்கிறது. மலக்கழிவு வந்த வழியே காலராவும் டைபாய்டும் வரலாம். நீதிமன்ற பாஷையில் சொன்னால், கோலிஃபார்ம் குற்றவாளி அல்ல. கண்ணால் கண்ட சாட்சி. குளிக்கும் நீரில் நூறு மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்பது விதி. இந்தச் சாட்சியும் நெடுநேரம் காத்திருக்காது. மொண்ட நீரைப் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் சோதனைச்சாலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நாளைக்கு அந்தத் தண்ணீர் வேறு தண்ணீராகிவிடும். வெள்ளத்தில் சான்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

கழிமுகத்துக்கு வந்தால் இந்த வேலை இன்னும் நுட்பமாகிறது. ஆற்று நீர் எடை குறைந்தது. கடல் நீர் உப்பினால் கனத்தது. ஆகவே பல இடங்களில் ஆறு மேலேயும் கடல் கீழேயுமாக, ஒரே இடத்தில் இரண்டு தண்ணீர்கள் இருக்கும். ஏற்றத்தில் கடல் உள்ளே வரும். வற்றத்தில் ஆறு வெளியே போகும். ஒரே நாளில், ஒரே இடத்தில், காலையில் மொண்ட புட்டி ஒன்று சொல்லும். மாலையில் மொண்டது வேறொன்று சொல்லும். ஏற்றம் நிறைந்திருக்கும் வேளையாகப் பார்த்துப் போய் மொண்டால், கடலின் தூய்மை ஆற்றின் தூய்மையாகக் காகிதத்தில் ஏறிவிடும். அதில் பொய் ஒன்றும் இல்லை. எண் சரியானதே, ரசாயனம் சரியானதே. ஆனால் அந்தப் புட்டியை அந்த வேளையில் நீட்டிய கையில் பொய் இருக்கிறது.

உண்மையைக் கொண்டே பொய் சொல்ல முடியும் என்பதைக் கதை எழுதுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடுவது என்பதிலேயே ஒரு கதாபாத்திரத்தை நல்லவனாகவும் கெட்டவனாகவும் ஆக்கிவிடலாம். ஆற்றைச் சோதிக்கிறவருக்கும் அந்த வல்லமை இருக்கிறது. அவர் எந்த வேளையில், எந்த ஆழத்தில், எந்தச் சாக்கடை வாய்க்கு எவ்வளவு அருகில் மொள்ளுகிறார் என்பதே அவருடைய ஒழுக்கம். அதை மேலதிகாரியும் பார்ப்பதில்லை, ஊராரும் பார்ப்பதில்லை. தனியாக இருக்கும்போது ஒருவன் எப்படி நடக்கிறான் என்பதை வைத்துத்தான் அவன் யார் என்று சொல்ல முடியும் என்பார்கள். அந்தப் பரீட்சை இங்கே ஒவ்வொரு புட்டியிலும் நடக்கிறது.

எண்ணூரில் நடந்ததைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையில் பெரு மழையைக் கொட்டியது. மழை நின்ற ஓரிரு நாட்களில், பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் எண்ணூர் முகத்துவாரத்திலும் கறுப்பாக எண்ணெய் மிதந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளின் சுவரிலும் எண்ணெய்க் கோடு படிந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் தண்டுகள் கறுத்தன. கூழைக்கடாக்களின் சிறகுகளும் கறுத்தன. கடலில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு எண்ணெய்ப் படலம் பரவியிருந்தது என்று கடலோரக் காவல் படையினர் கண்டார்கள். அதை வாளியிலும் குவளையிலும் அள்ளி எடுத்தவர்களில் பலர், அந்த எண்ணெயால் தொழிலை இழந்த மீனவர்களே.

எண்ணெய் எங்கிருந்து வந்தது? மணலியிலுள்ள ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் வளாகத்திலிருந்து மழை நீரோடு சேர்ந்து வெளியேறியது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. அந்த நிறுவனமோ தொடக்கத்தில் தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தது. அந்த வழக்கைத் தீர்த்துவைப்பது என் வேலை அல்ல. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் கேட்கிற மூன்று சமாதானங்கள் உண்டு. அவற்றைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்கலாம்.

முதல் சமாதானம்: ‘இயற்கை செய்தது.’ மழையை மனிதன் அனுப்பவில்லை என்பது உண்மையே. ஆனால் வானத்திலிருந்து தண்ணீர்தான் விழுந்தது, எண்ணெய் விழவில்லை. மழை நம் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் எதை, எப்படி, எவ்வளவு கவலையில்லாமல் வைத்திருந்தோம் என்பது நம்முடையது. கடலோரத்தில், ஆற்றங்கரையில், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும் என்பது புதிய செய்தியும் அல்ல.

இரண்டாவது சமாதானம்: ‘எல்லோரும்தான் செய்தார்கள்.’ இதுதான் மிகவும் வலுவானது. இதுதான் மிகவும் ஆபத்தானதும்கூட. கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வாசகருக்கு நிம்மதி. கடைசி அத்தியாயத்தில் அவனைத் தண்டித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆற்றின் கதையில் அப்படி ஒருவன் அகப்படுவதில்லை. சமையலறைத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விட்ட குடும்பமும் அதில் இருக்கிறது. கழிவு லாரியை இருட்டில் கவிழ்த்தவனும் இருக்கிறான். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இருக்கிறது. பெரிய ஆலையும் இருக்கிறது. ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்கு ஒரு தந்திரம் உண்டு. பெரிய பங்குக்காரன் சின்னப் பங்குக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. சின்னப் பங்குக்காரனுக்கோ பெரியவனைக் காட்டித் தன்னை மறந்துவிட இடம் கொடுக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு, இருவருமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அளந்து பார்க்கிறவன் இந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடுகிறான். எண்ணெயின் ரசாயன அடையாளத்தை வைத்து அது எந்த வகை எண்ணெய் என்று சொல்லலாம். கால்வாய் வழியே மேலே மேலே போய் இடத்துக்கு இடம் மொண்டு பார்த்தால், எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது, எந்த இடத்துக்கு மேலே இல்லை என்று தெரிந்துவிடும். ‘எல்லோரும்’ என்ற ஒரு சொல் உடைந்து, இவனுக்கு இவ்வளவு, அவனுக்கு அவ்வளவு என்று கணக்காகிறது. தர்மம் என்பது கணக்கு அல்ல என்று சொல்வார்கள். ஆனால் கணக்கே இல்லாத இடத்தில் தர்மம் நிற்பதையும் நான் கண்டதில்லை. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் ‘பாடு’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை போடுவது என்று தங்களுக்குள் வகுத்துக்கொள்வார்கள். தண்ணீர் பொதுவானது என்பதனாலேயே யாருக்கு எவ்வளவு என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். எடுக்கிறவர்களுக்கு இவ்வளவு கணக்கு இருக்கும்போது, போடுகிறவர்களுக்குக் கணக்கு வேண்டாமா?

மூன்றாவது சமாதானம்: ‘எல்லாம் கடலுக்குப் போய்விட்டது.’ போய்விட்டதா? ஆற்று நீரில் மிதந்து வருகிற நுண்ணிய களிமண் துகள்கள், கடலின் உப்பு பட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்டு அடியில் படிந்துவிடுகின்றன. குடத்துக்குத் தேற்றாங்கொட்டை எப்படியோ, ஆற்றுக்குக் கடலின் உப்பு அப்படி. அந்தக் களிமண்ணோடு எண்ணெயும் ஈயம் முதலான உலோகங்களும் ஒட்டிக்கொண்டு படிகின்றன. ஆகவே கழிமுகத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது என்றால் அழுக்குத் தொலைந்தது என்று பொருள் அல்ல. அடியில் குடியேறிவிட்டது என்று பொருள். இறால் குஞ்சு வளர்வதற்குக் கடலிலிருந்து தேடி வருவது அந்தச் சேற்றுக்குத்தான். மட்டியும் சிப்பியும் நாள் முழுவதும் தண்ணீரை வடிகட்டி உண்பது அங்கேதான். முழங்கால் சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் கால்கள் மிதிப்பதும் அதைத்தான். நாம் ‘போய்விட்டது’ என்று சொல்வதெல்லாம் இன்னொருவர் காலடிக்குப் போயிருக்கிறது.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். ‘வீடு இழந்து, பாய் நனைந்து, அடுப்பு அணைந்து கிடக்கும்போது, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதிக்கொண்டிருப்பது யாருக்கு ஐயா வேண்டும்? சோறு போடுங்கள், துணி கொடுங்கள். புட்டி அப்புறம் இருக்கட்டும்.’ இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதலில் சோறுதான். குடிநீரில் குளோரின் போடுவதுதான் அவசரம். பசித்தவன் முன்னால் புள்ளிவிவரம் படிப்பது பாவம்.

ஆனால் சோற்றுக்கு மறுநாள் ஒன்று உண்டு. எண்ணூர் நிகழ்ச்சிக்குப் பிறகு மாநில அரசு 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மிகவும் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்படுத்தத் தலா 10,000 ரூபாய். மற்றும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இந்தப் பணத்தை வாங்கிக்கொள்கிற மீனவர் எப்படி வாங்கிக்கொள்வது? கை நீட்டி வாங்குவதா, உரிமையோடு வாங்குவதா? புயலால் வந்த துன்பம் என்றால் அது உதவி, கொடுக்கிறவரின் கருணை. ஒருவரின் கவலையின்மையால் வந்த துன்பம் என்றால் அது கடன், கொடுக்கிறவரின் கடமை. தொகை ஒன்றுதான். ஆனால் ஒன்று மனிதனைக் குனிய வைக்கிறது. மற்றொன்று நிமிர வைக்கிறது. இது எது என்று தீர்மானிப்பது யார்? அன்றைக்குச் சேற்றில் இறங்கி, சரியான வேளையில், சரியான இடத்தில் மொண்ட அந்தப் புட்டிதான். சோதனை ஏழைக்குச் சோறு போடுவதில்லை என்பது மெய். ஆனால் அவன் வாங்குகிற சோறு பிச்சை அல்ல என்று சொல்ல அதனால் முடியும்.

சோதனைக்கு ஒரு நோயும் உண்டு. அதையும் சொல்லாமல் விடக் கூடாது. எண் கிடைத்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று நிம்மதி கொள்கிற மனம் நமக்கு. அறிக்கை தயாராகி, தைத்து, மேஜை மேல் ஏறிவிட்டால், ஆறு சுத்தமாகிவிட்டது போன்ற ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. பத்து இடத்து எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி என்று போட்டால், ஒன்பது இடத்தின் தூய்மையில் பத்தாவது இடத்தின் கொடுமை கரைந்து போகிறது. அதுவும் ஆற்றில் கரைத்த புளிதான். காகித ஆறு, அவ்வளவே. சராசரித் தண்ணீரில் எந்த மீனும் வாழ்வதில்லை. தான் இருக்கிற இடத்துத் தண்ணீரில்தான் அது வாழ வேண்டும், அல்லது சாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு ஓடிப் போய் அளக்கிறவனிடம் எதிர்க்கட்சி வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, ‘வெள்ளத்துக்கு முன்னால் எப்படி இருந்தது?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விடை இல்லையென்றால் வழக்கு அங்கேயே தள்ளாடும். ‘எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆகவே விபத்து நாளின் உண்மை, விபத்து இல்லாத நாட்களில்தான் சேர்த்து வைக்கப்படுகிறது. சித்திரை வெயிலில், ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில், யாரும் கேட்காத வேளையில், அதே படித்துறையில் இறங்கி அதே அளவு தண்ணீரை மொண்டு குறித்து வைத்தவன்தான் மழைக்காலத்தில் வாய் திறக்கத் தகுதி பெறுகிறான். பத்திரிகையில் அவன் படம் வருவதில்லை. ஒன்றும் நடக்காத நாளில் ஒழுங்காக இருப்பது ஒரு செய்தியா?

தண்ணீரைச் சோதிக்கிற முறைகளைவிட, இந்த விஷயம்தான் என் மனத்தில் தங்கியிருக்கிறது. பெரிய நெருக்கடியில் உண்மை பேசுவதற்குத் துணிவு வேண்டும் என்கிறோம். துணிவு மட்டும் போதாது. சின்ன நாட்களில் கவனித்து வைத்திருக்க வேண்டும். கவனிக்காதவன் எவ்வளவு துணிவாகப் பேசினாலும் அது கூச்சல்தான். ஊரைப் பற்றிக் கோபப்படுகிற நம்மில் எத்தனை பேருக்கு நம் தெருக் கால்வாய் எந்த ஆற்றில் சேருகிறது என்று தெரியும்? நம் வீட்டுச் செப்டிக் டாங்கைக் காலி செய்கிற லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? கேட்காமல் இருப்பதும் ஒரு வகைப் பங்குதான். சிறிய பங்கு, ஆனால் நம்முடையது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். தவறு கரைவதில்லை, அதைச் செய்தவனின் பெயர்தான் கரைகிறது. தவறு அப்படியே இருக்கிறது. இடம் மாறி, வலுக் குறைந்தவர்களின் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. புளியைக் கரைத்தவன் மறந்துவிடலாம். கீழ்த்துறையில் தண்ணீர் மொள்ளுகிறவனுக்குப் புளிக்கத்தான் செய்யும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று சொன்ன பெரியவர் யாரோ தெரியவில்லை. அவர் ஒருவேளை கீழ்த்துறையில் குடியிருந்தவராக இருக்கலாம்.